பம்ப் ஹவுஸுக்கு மூத்த பொறியாளராகப் போகிறவர்களுக்கு

பதவி உயர்வு ஆணையோடு எனக்குக் கிடைத்தவை ஒரு மேசை, ஏழு நீரேற்று நிலையங்களின் சாவிக்கொத்து, பூட்டுத் திறக்காத ஓர் இரும்பு அலமாரி. வேலை என்னவென்று யாரும் சொல்லவில்லை. மெக்கானிக்கல் படித்து, குடிநீர் வாரியத்தில் பத்து வருடம் ஸ்பேனரும் கையுமாகத் திரிந்தவளுக்கு எது தெரியுமோ அதையே தொடர்ந்து செய்தேன். எந்தப் பம்ப் நின்றாலும் ஓடிப்போய், பக்கத்திலேயே நின்று கழற்ற வைத்தேன். அது என் வேலை இல்லை என்று புரிவதற்குள் மூன்று செட் பேரிங் போய்விட்டது.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போகும் பாதி விஷயம் அதிலிருந்து வந்ததுதான்.

ஒரு நிலையத்தில் மூன்றாம் நம்பர் பம்ப். மணிக்கு 700 கனமீட்டர், 60 மீட்டர் ஹெட் (தண்ணீரை ஏற்றித் தள்ளும் உயரக் கணக்கு), 160 கிலோவாட் மோட்டார், நிமிடத்துக்கு 1480 சுற்று. எட்டு மாதத்தில் மூன்று முறை பேரிங் போனது. முதல் முறை பேரிங் தரம் சரியில்லை என்றோம். இரண்டாம் முறை கப்ளிங் அலைன்மென்ட் (மோட்டார், பம்ப் இரண்டின் தண்டுகளும் நேர்கோட்டில் இருப்பது) மேல் பழி. மூன்றாம் முறை கழற்றியபோது இம்பெல்லரின் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) கண் பக்கம், அதாவது தண்ணீர் உள்ளே நுழையும் இடத்தில், பூச்சி அரித்த மரம் மாதிரி குழிகுழியாக இருந்தது. அப்போதுதான் உட்கார்ந்து இரண்டு வருட லாக்புக்கைப் புரட்டினேன்.

டெலிவரி பிரஷர் (பம்ப் வெளியே தள்ளும் பக்கத்து அழுத்தம்) கட்டத்தில் எல்லா மணிக்கும் 5.8. பகலிலும் 5.8, இரவிலும் 5.8. ஒரு பக்கத்தில் பம்ப் நிறுத்தியிருந்த மூன்று மணி நேரத்துக்கும் 5.8 என்று எழுதியிருந்தது. ஷிஃப்டில் இருந்த மூத்த ஆப்பரேட்டரைக் கேட்டேன்.

“என்ன அண்ணே, நின்ன பம்புக்கு எப்படி 5.8 வந்துச்சு?”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “அந்த கேஜ் போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு மேடம். முள்ளு அங்கயே நிக்குது. கட்டத்தைக் காலியா விட்டா முன்னாடி இருந்தவரு மெமோ குடுப்பாரு. அதான் போட்டுக்கிட்டே வந்தோம்.”

ஆனால் பக்கத்துக் கட்டத்தில் ஆம்பியர் உண்மையாக இருந்தது, ஏனென்றால் பேனல் மீட்டர் வேலை செய்தது. 240, 241, 239 என்று போய்க்கொண்டிருந்தது ஒரு தேதியிலிருந்து 264, 265 ஆகியிருந்தது. மோட்டாரின் முழுச் சுமை 272. ட்ரிப் ஆகாததால் யாருக்கும் உறுத்தவில்லை. அந்தத் தேதியில் என்ன நடந்தது என்று விசாரித்தால், குழாய்ப் பிரிவினர் தாழ்வான இடத்தில் கட்டிய புதிய நீர்த்தேக்கத் தொட்டிக்கு அந்த லைனை மாற்றி இணைத்திருக்கிறார்கள். எங்களுக்குத் தகவல் இல்லை. ஹெட் குறைந்ததும் பம்ப் தன் வளைவரையில் (எந்த ஹெட்டுக்கு எவ்வளவு ஓட்டம் என்று காட்டும் வரைபடம்) வலது பக்கமாக ஓடிப்போய்விட்டது. மணிக்கு 700 தள்ள வேண்டியது 900 தள்ளியது. ஓட்டம் கூடக்கூட சக்ஷனில், அதாவது தண்ணீர் உள்ளே வரும் பக்கத்தில், பம்ப் கேட்கும் அழுத்தமும் கூடும். அது கிடைக்காமல் கேவிடேஷன்: தண்ணீரில் ஆவிக்குமிழ்கள் தோன்றி இம்பெல்லர் மேல் வெடிக்கும். இம்பெல்லரை ஒரு பக்கமாகத் தள்ளும் விசை, ஆட்டம், கடைசியில் பேரிங்.

அன்று மாலையே டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூடி ஓட்டத்தைக் குறைத்தோம். சரளைக்கல்லை வாளியில் போட்டுக் குலுக்கின மாதிரி இருந்த சத்தம் கண் முன்னாலேயே அடங்கியது. பிறகு பம்ப் தயாரிப்பாளரின் ஒப்புதல் வாங்கி இம்பெல்லரை 420 மில்லிமீட்டரிலிருந்து 380-க்குக் கடைந்தோம். ஆம்பியர் 190-க்கு வந்தது. அந்தப் பேரிங் அதன் பிறகு நாலு வருடம் ஓடியது.

இனி உங்களுக்கு.

முதல் மாதம் எதையும் கழற்றாதீர்கள், மாற்றாதீர்கள். நிலையம் நிலையமாகப் போய் ஒவ்வொரு பம்புக்கும் நாலு எண்களை நீங்களே எடுங்கள்: சக்ஷன் அழுத்தம், டெலிவரி அழுத்தம், ஓட்டம், உள்வாங்கும் மின்திறன். இதற்காகவே சரிபார்த்த இரண்டு பிரஷர் கேஜ் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் தொங்கும் கேஜை நம்ப வேண்டாம். ஃப்ளோ மீட்டர் இல்லையா, பம்ப் உறிஞ்சும் தொட்டியின் (சம்ப்) நீர்மட்டம் அரை மணியில் எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுங்கள். அந்த நேரத்தில் தொட்டிக்கு வரும் தண்ணீரை அடைத்துவிட மறக்காதீர்கள். நான் மறந்து, ஒரு மத்தியானம் முழுக்க வீணாக்கியிருக்கிறேன்.

எடுத்த எண்களைப் பம்ப் வளைவரையின் மேல் பென்சிலால் புள்ளியாக வையுங்கள். வளைவரை கோப்பில் இருக்காது. தயாரிப்பாளருக்குப் பம்பின் வரிசை எண்ணை எழுதிக் கேளுங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். புள்ளி அதிகபட்சத் திறன் இருக்கும் இடத்துக்கு எவ்வளவு தூரத்தில் விழுகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. அந்த இடத்து ஓட்டத்தில் 70-லிருந்து 120 சதவீதத்துக்குள் இருந்தால் பம்ப் நிம்மதியாக இருக்கிறது என்று கொள்ளலாம். வெளியே போனால் பேரிங்கும் சீலும் எத்தனை முறை மாற்றினாலும் நிற்காது. புள்ளி வளைவரைக்குக் கீழே விழுந்தால் உள்ளே தேய்மானம். வேர் ரிங் (இம்பெல்லருக்கும் பம்ப் கூட்டுக்கும் நடுவே, தேய்வதற்கென்றே வைக்கும் வளையம்) இடைவெளியைப் பாருங்கள்.

இன்னொரு கணக்கு மனப்பாடமாக இருக்கட்டும். 1,000 லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் ஏற்ற, இழப்பே இல்லாவிட்டால் 0.2725 யூனிட் மின்சாரம் போதும். உங்கள் நிலையத்தில் அதே வேலைக்கு 0.40 ஆகிறது என்றால் பம்பும் மோட்டாரும் சேர்ந்து 68 சதவீதத்தில் ஓடுகின்றன. 0.50 ஆனால் 54.5. வாயில் நுழையாத ஆடிட் அறிக்கை வருவதற்கு முன்பே, மின்கட்டண ரசீதையும் ஃப்ளோ மீட்டரையும் வைத்து எந்த நிலையத்தில் முதலில் கை வைப்பது என்று ஒரு மணி நேரத்தில் முடிவு செய்துவிடலாம்.

லாக்புக் விஷயத்துக்கு வருகிறேன். காலிக் கட்டத்துக்கு மெமோ கொடுத்தால் கட்டம் நிரம்பும், பொய்யால். நான் வந்த பிறகு ஒரே ஒரு விதி வைத்தேன்: மீட்டர் வேலை செய்யவில்லை என்றால் கட்டத்தில் ஒரு குறுக்குக்கோடு போடுங்கள், அதற்கு யாரையும் எதுவும் கேட்க மாட்டேன். முதல் வாரம் யாரும் நம்பவில்லை. ஒரு பையன் மட்டும் தயங்கித் தயங்கி ஒரு கோடு போட்டான். மறுநாள் புது கேஜோடு ஃபிட்டர் போய் நின்றதும், அந்த மாதமே ஏழு நிலையத்திலும் சேர்த்து நாற்பது கோடுகள் வந்துவிட்டன. மேலதிகாரி பார்த்துவிட்டு, “என்னம்மா, நீங்க வந்த பிறகு எல்லாமே கெட்டுப்போச்சா?” என்றார். கெட்டுப்போனது ரொம்ப நாளாகவே இருந்தது சார், இப்போதுதான் தெரிகிறது என்று விளக்க வேண்டியிருந்தது. அந்தத் திட்டை வாங்கிக்கொள்வதும் உங்கள் சம்பளத்துக்குள் அடங்கும்.

ஆப்பரேட்டரிடம் “ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்காதீர்கள்; இல்லை என்றுதான் பதில் வரும். “போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் சத்தத்துல என்ன மாறிச்சு?” என்று கேளுங்கள். பத்து வருடம் ஒரே பம்ப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரின் காது, வைப்ரேஷன் மீட்டருக்கு முன்னால் சொல்லிவிடும். ஆனால் மீட்டரும் வேண்டும். மாதம் ஒரு முறை, அதே ஆள், பேரிங் ஹவுசிங்கில் பெயின்ட் புள்ளி வைத்த அதே இடத்தில், மூன்று திசையிலும் எடுக்கட்டும். ஒரு தனி எண்ணைப் பார்த்துப் பயப்படவோ சந்தோஷப்படவோ வேண்டாம். நொடிக்கு 2.1 மில்லிமீட்டர் இருந்தது மூன்று மாதத்தில் 3.4 ஆனால் அதைத்தான் துரத்த வேண்டும், அட்டவணைப்படி அது இன்னும் நல்ல வரம்புக்குள் இருந்தாலும்.

அலைன்மென்ட் பற்றி ஒரு வார்த்தை. லேசர் கருவி வாங்கிவிட்டோம், இனி கவலை இல்லை என்று நினைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குழாயைப் பூட்டுவதற்கு முன் அலைன் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு ஃபிளாஞ்ச் (குழாய் முனையில் போல்ட் போடும் வளையம்) சேராமல், போல்ட்டைக் கடப்பாரை போட்டு இழுத்து முறுக்குவார்கள். பம்ப் கேசிங் வளைந்துகொள்ளும். சோதிப்பது சுலபம். கப்ளிங்கில் டயல் கேஜை வைத்துவிட்டு ஃபிளாஞ்ச் போல்ட்டுகளைத் தளர்த்தச் சொல்லுங்கள். முள் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் குழாய் பம்பை இழுக்கிறது. குழாயை வெட்டிச் சரிசெய்யும்வரை ஷிம் (காலுக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பிரயோஜனம் இல்லை. மோட்டார் கால்களையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தி இதே சோதனை செய்யுங்கள். நாலு கால் நாற்காலி ஆடுவது போல மோட்டாரும் ஒரு கால் தூக்கிக்கொண்டு நிற்கும்.

கிரீஸ் பக்கம் நடப்பது இதற்கு நேர்மாறு, அன்பு மிகுந்து கெடுப்பது. பேரிங்கின் வெளிவிட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கி 0.005-ஆல் பெருக்கினால் ஒரு முறைக்கு எத்தனை கிராம் என்று கிடைக்கும். 6316 பேரிங் என்றால் 170 பெருக்கல் 39, அதாவது 33 கிராம். எங்கள் ஃபிட்டரின் கிரீஸ் கன்னில் ஒரு அழுத்தத்துக்கு எவ்வளவு வருகிறது என்று யாரும் எடைபோட்டுப் பார்த்ததில்லை. பார்த்தபோது, அவர் வழக்கமாகப் போடும் அளவு கணக்கைப்போல மூன்று மடங்கு. பேரிங் சூடாகிறது என்று இன்னும் கொஞ்சம் போடுவார், இன்னும் சூடாகும். வேறு வகை கிரீஸைக் கலந்துவிடுவது அடுத்த கண்டம். லித்தியம் இருந்த இடத்தில் பாலியூரியா போட்டால் இரண்டும் சேர்ந்து தண்ணியாக ஒழுகிவிடலாம். ஒவ்வொரு நிப்பிளுக்குப் பக்கத்திலும் கிரீஸ் பெயரும் அளவும் பெயின்டில் எழுதி வையுங்கள். கிளாண்ட் பேக்கிங்கில் (தண்டு வெளியே வரும் இடத்தில் கசிவை அடைக்கும் கயிறு) நொடிக்கு ஒரு சொட்டு அளவில் சொட்ட வேண்டும் என்பதையும் எழுதுங்கள். பெரியவர்கள் பார்வையிட வரும் அன்று யாராவது தரை ஈரமாக இருக்கக்கூடாது என்று கிளாண்டை இறுக்கிவிடுவார்கள். மறுவாரம் ஷாஃப்ட் ஸ்லீவ் புதிதாக வாங்க வேண்டியிருக்கும்.

தண்ணீர் குழாயை அறைவதுதான் (வாட்டர் ஹேமர்) எனக்கு இன்றும் பயம். ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் எவ்வளவு எகிறும் என்பதை ரஷ்ய விஞ்ஞானி ழுக்கோவ்ஸ்கி 1898-லேயே கணக்காகக் கொடுத்துவிட்டார். இரும்புக் குழாயில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகம் திடீரென்று பூஜ்யம் ஆனால் சுமார் 100 மீட்டர் ஹெட், அதாவது 10 பார், இருக்கும் அழுத்தத்துக்கு மேல் ஏறும். அழுத்த அலை குழாய் முனைவரை போய்த் திரும்பும் நேரத்துக்குள் மூடினால் அது “திடீர்”தான். 5 கிலோமீட்டர் லைனில் அந்த நேரம் 10 நொடி. அதனால் பத்து நொடிக்குக் கொஞ்சம் கூட எடுத்து மூடினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். வால்வு மூடுவதில் கடைசிக் கொஞ்சம்தான் தண்ணீரை உண்மையாக நிறுத்துகிறது. ஸ்லூயிஸ் வால்வில் (சுற்றச் சுற்றக் கதவு இறங்கி மூடும் வால்வு) அங்குல அளவை மூன்றால் பெருக்கி இரண்டைக் கூட்டினால் தோராயமாகச் சுற்றுகளின் எண்ணிக்கை. 300 மில்லிமீட்டர், அதாவது 12 அங்குல வால்வுக்கு 38. முதல் 25-ஐ எப்படி வேண்டுமானாலும் சுற்றட்டும், கடைசிப் பத்துக்கு மேஸ்திரி பக்கத்தில் நின்று எண்ண வேண்டும். 38-க்குப் பதில் 22-லேயே நின்றுவிட்டால் வால்வு மூடவில்லை, அடியில் மண் இருக்கிறது. பலம் போட்டால் ஸ்பிண்டில் முறியும்.

வால்வைத் தவிர, மின்சாரம் போவதும் ஒரு திடீர் நிறுத்தம். நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீர் திரும்பி வராமல் தடுப்பது) டமார் என்று அடிப்பதை ஆப்பரேட்டர்கள் பழகிக்கொண்டுவிடுவார்கள். நீங்கள் பழகாதீர்கள். மேட்டுப் பகுதிகளில் உள்ள ஏர் வால்வுகள் வேலை செய்கின்றனவா, சர்ஜ் வெசலில் (அழுத்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் காற்றுத் தொட்டி) காற்று அளவு சரியாக இருக்கிறதா என்று வருடத்துக்கு ஒரு முறையாவது நடந்து போய்ப் பாருங்கள். ஏர் வால்வில் தண்ணீர் கசிகிறது என்று யாரோ கீழே உள்ள சின்ன வால்வை மூடிவைத்திருப்பார்கள். ஐந்தில் மூன்று அப்படித்தான் இருந்தது, என் முதல் நடையில்.

வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) மாட்டினால் மின்சாரம் மிச்சம் என்று விற்க வருவார்கள். வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் உள்வாங்கும் மின்திறன் 27 சதவீதம் குறையும் என்று படம் காட்டுவார்கள். குழாய் உராய்வு மட்டும் இருக்கும் இடத்தில் அது சரி. நாம் மேட்டுத் தொட்டிக்குத் தள்ளுகிறோம். உங்கள் பம்ப் வால்வு மூடிய நிலையில் 72 மீட்டர் கொடுக்கிறது, தொட்டி உயரம் 48 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தை 80 சதவீதத்துக்கு இறக்கினால் அந்த 72, வர்க்கக் கணக்கில் 46 ஆகிவிடும். ஒரு சொட்டுக்கூட மேலே போகாது; பம்ப் தன் வயிற்றிலுள்ள தண்ணீரையே கடைந்து சூடாக்கிக்கொண்டிருக்கும். நேரடி வினியோகத்தில் பகல் இரவு தேவை மாறும் இடங்களுக்கு அது அருமையான கருவி. வாங்குவதற்கு முன் தொட்டி உயரத்தைக் கேட்காத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

டெண்டர் ஆவணம் எழுதுவது இந்தப் பதவியின் சலிப்பான பகுதி. ஆனால் ஒரு நல்ல நிபந்தனை பத்து வருடம் வேலை செய்யும். 150 கிலோவாட் எடுத்து நாளுக்கு 16 மணி ஓடும் பம்ப் வருடத்துக்கு 8,76,000 யூனிட் தின்கிறது. திறன் 78-லிருந்து 81 சதவீதம் ஆனால் சுமார் 32,000 யூனிட் வருடாவருடம் மிச்சம். எனவே விலையை மட்டும் ஒப்பிடாமல், உத்தரவாதத் திறனின்படி பம்ப் ஓடப்போகும் வருடங்களுக்கான மின்செலவையும் சேர்த்து ஒப்பிடும் முறையை ஆவணத்திலேயே எழுதுங்கள். சோதனை ஐ.எஸ்.ஓ. 9906 (பம்ப் சோதனைக்கான சர்வதேசத் தரம்), கிரேடு 1பி என்று குறிப்பிடுங்கள். கிரேடு சொல்லாவிட்டால் எந்தக் கிரேடில் சோதித்தார்கள் என்று பிறகு வாதாடிக்கொண்டிருக்க வேண்டும். சோதனைக்கு நேரில் போங்கள். நான் போன ஒரு சோதனையில் கருவிகளின் அளவுத்திருத்தச் சான்றிதழ் கேட்டதும் திடீரென்று தேநீர் வந்தது. குடித்துவிட்டு மறுபடி கேட்டேன். சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. அன்று கையெழுத்துப் போடாமல் திரும்பினேன். பத்து நாள் தாமதத்துக்கு எனக்கு விளக்கக் கடிதம் கேட்டார்கள், அதுவும் கோப்பில் இருக்கிறது.

குளோரின் அறையில் மட்டும் சிக்கனம், சமாளிப்பு, “இன்னிக்கு ஒரு நாள்” எதுவும் கிடையாது. குளோரின் வாயு காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், தரையில் தேங்கும். கசிவு உணரி தரைக்குப் பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். சந்தேகம் என்றால் அம்மோனியாவில் நனைத்த துணியைக் காட்டுங்கள், கசியும் இடத்தில் வெள்ளைப் புகை எழும். கசிவின் மேல் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள். அமிலமாகி ஓட்டை பெரிதாகும். டன் சிலிண்டரில் திரவம் கசிந்தால், பயிற்சி பெற்றவர்கள் மூச்சுக்கருவி போட்டுக்கொண்டு ஓட்டை மேலே வரும்படி உருட்ட வேண்டும், திரவத்துக்குப் பதில் வாயு வரட்டும் என்று. ஒரு பங்கு திரவம் சுமார் 460 பங்கு வாயுவாக விரியும், அதனால்தான். மூச்சுக்கருவி பெட்டியில் பூட்டியிருந்து, சாவி ஸ்டோர் கீப்பர் வீட்டில் இருந்தால், அது இல்லாத கணக்குதான். வால்வுக் குழிக்குள் ஆள் இறங்கும்போதும் அப்படியே. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் யாரும் இறங்கக்கூடாது. மேலே ஒருவர் கயிற்றோடு நிற்காமல் எந்த நேரத்திலும் இறங்கக்கூடாது. முதலில் விழுந்தவரைக் காப்பாற்றக் குதிப்பவரும் உள்ளேயே விழுவார்.

கடைசியாக, இரவில் வரும் போன். அது வரும். இரண்டு மணிக்கு ஒரு ஆப்பரேட்டர் கூப்பிட்டு, “மேடம், மூணாம் நம்பர் ஒரு மாதிரி அரைக்குது, என்ன பண்ணட்டும்?” என்பார். பின்னணியில் பம்ப் சத்தம் கேட்கும். ஆம்பியர் எவ்வளவு, பேரிங் மேல் கை வைக்க முடிகிறதா, சம்ப்பில் தண்ணீர் எவ்வளவு என்று மூன்றே கேள்வி கேளுங்கள். பதிலில் ஒன்று சரியில்லை என்றாலும் டெலிவரி வால்வை மெதுவாக மூடி நிறுத்தச் சொல்லுங்கள், அடுத்த பம்பைப் போடச் சொல்லுங்கள். அடுத்த பம்ப் இல்லையென்றாலும் நிறுத்தச் சொல்லுங்கள். காலையில் தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்கும் போன் உங்களுக்கு வரும், அவருக்குப் போகக்கூடாது. அதனால் போனை வைப்பதற்கு முன், “2.10, மேடம் சொல்லி நிறுத்தினேன்” என்று லாக்புக்கில் எழுதச் சொல்லுங்கள். விடிந்ததும் போய் அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.